சந்தேகத்தை எப்படி எண்ணினார்கள்?



போன வாரம் நான் போட்ட வெயில் பதிவின் கீழே ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்: "சார், அமெரிக்காவில் பாதிப் பேர் இந்தப் புவி வெப்ப விஷயத்தை நம்புவதில்லை என்று ஒரு செய்தி படித்தேன். முக்கால்வாசிப் பேர் நம்புகிறார்கள் என்று இன்னொரு செய்தி. இரண்டும் ஒரே வருடத்துச் செய்தி. இதை எப்படித்தான் எண்ணுகிறார்கள்?"

நாலு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அதனால் தனிப் பதிவாகவே போடுகிறேன். நீளம்தான். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

நெல்லை மரக்காலால் அளக்கலாம், காய்ச்சலைத் தெர்மாமீட்டரால் அளக்கலாம். ஒருவன் மனசுக்குள் இருக்கும் நம்பிக்கையையும் சந்தேகத்தையும் எதை வைத்து அளப்பது? அளக்கலாம் என்று 1928இல் அடித்துச் சொன்னவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லூயிஸ் தர்ஸ்டன். இவர் முதலில் படித்தது பொறியியல். கொஞ்ச காலம் எடிசனிடமே உதவியாளராக இருந்தவர். கருவி செய்கிறவரின் புத்தி அவருக்கு. 'மனப்பான்மைகளை அளக்க முடியும்' என்பதுதான் அவர் கட்டுரையின் தலைப்பே.

அவர் செய்த வேலையைக் கேளுங்கள். தேவாலயத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்க 130 வாக்கியங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதினார். சில வாக்கியங்கள் தேவாலயத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும், சில திட்டும், சில நடுவில் நிற்கும். 300 பேரைக் கூப்பிட்டு, "உங்கள் சொந்தக் கருத்தை ஓரமாக வையுங்கள். எது மிகச் சாதகம், எது மிகப் பாதகம் என்று மட்டும் பார்த்து 11 குவியலாகப் பிரியுங்கள்" என்றார். எந்தச் சீட்டு எந்தக் குவியலில் அதிகம் விழுகிறது என்று கணக்குப் போட்டு, கடைசியில் 45 வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்தார். அந்த 45இல் நீங்கள் எதற்கெல்லாம் டிக் அடிக்கிறீர்களோ, அதை வைத்து உங்களுக்கு ஒரு எண் கிடைக்கும். ஓர் அளவுகோல் செய்ய முந்நூறு நடுவர்கள்! பரீட்சைப் பேப்பர் திருத்தும் முகாமே தேவலை.

இந்தப் பாட்டை ஒரே வீச்சில் குறைத்தவர் ரென்சிஸ் லிக்கர்ட். 1932இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட வேலை அது. நடுவர்கள் எதற்கு, வாக்கியத்தை நேரே ஆளிடம் கொடுத்துவிடலாம், 'முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்' என்பதிலிருந்து 'சற்றும் ஒப்புக்கொள்ளவில்லை' வரை ஐந்து படி வைக்கலாம், ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட்டுக் கூட்டிவிடலாம் என்றார். கடினமான கணக்குப் போட்டு வந்த விடையும் இந்த எளிய கூட்டல் விடையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. எங்கள் காலத்தில் கல்வி உளவியலில் அது ஓர் ஐந்து மார்க் கேள்வி. அந்த ஐந்து கட்டத்தைப் பிற்பாடு நான் பார்த்ததெல்லாம் பயிற்சி முகாம்களின் கடைசி நாளில் கொடுக்கும் பின்னூட்டப் படிவத்தில்தான். மணி நாலரை ஆகியிருக்கும், நாலே முக்காலுக்குப் பஸ். 'மிக நன்று' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக டிக் இறங்கும். அந்தப் படிவங்களைக் கூட்டி எவ்வளவு திருப்தி என்று யாரோ ஓர் அறிக்கை எழுதியிருப்பார்கள். அந்தத் திருப்தியில் எவ்வளவு பயிற்சிக்கு, எவ்வளவு பஸ்ஸுக்கு என்று யாருக்குத் தெரியும்?

மனசை அளக்கும் கருவியின் கோளாறுகள் கருவியோடு கூடவே பிறந்தவை. அமெரிக்கர்களே அதைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள், அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

முதலாவது, சொல்வதும் செய்வதும். ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஓர் இளம் சீனத் தம்பதியோடு காரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். சீனர்கள் மேல் அந்த நாட்டில் வெறுப்பு மிகுந்திருந்த காலம். 250க்கு மேற்பட்ட விடுதிகளிலும் உணவகங்களிலும் ஏறி இறங்கினார்கள். இடமில்லை என்று திருப்பியனுப்பியது ஒரே ஓர் இடம். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?" என்று கேட்டார். பதில் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் "மாட்டோம்" என்றார்கள்! 1934இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இந்தத் தம்பதியை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாவது, சொல்லின் விளையாட்டு. 1941இல் வெளியான ஒரு சோதனை. "ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை அமெரிக்கா தடை செய்ய வேண்டுமா?" என்று ஒரு பாதி மக்களிடம் கேட்டார்கள். வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம். இன்னொரு பாதியிடம் "அனுமதிக்க வேண்டுமா?" என்று கேட்டார்கள். கூடாது என்றவர்கள் 62 சதவீதம். தடை செய்வதும் அனுமதி மறுப்பதும் ஒன்றுதானே? இலக்கணத்துக்கு ஒன்று, மனசுக்கு வேறு. 'தடை' என்ற சொல் கைக்குக் கனமாக இருக்கிறது, தூக்கத் தயங்குகிறார்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. 1970களில் சின்சினாட்டியில் ஜார்ஜ் பிஷப் என்பவரும் கூட்டாளிகளும் '1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம்' பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஆதரவாகவோ எதிராகவோ கருத்துச் சொன்னார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது! வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள். "புரிஞ்சுது சார்" என்று கூட்டமாகக் குரல் வரும். கடைசி பெஞ்சுப் பையனை எழுப்பி "என்ன புரிஞ்சுது?" என்று கேட்டால்தான் கதை தெரியும். தெரியாது என்று சொல்லக் கூச்சம், கேட்டவருக்கு ஏதாவது பதில் கொடுத்துவிட வேண்டும் என்ற மரியாதை, இரண்டும் சேர்ந்து ஒரு கருத்தைச் செய்துவிடுகின்றன.

காலநிலைக்கு வருமுன் இன்னும் ஒரு கதை. மறுப்பாளர்களை எண்ணப் போய் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

1992இல் அமெரிக்க யூத அமைப்பு ஒன்றுக்காக ரோப்பர் என்ற பெயர் பெற்ற நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஹிட்லரின் ஆட்கள் யூதர்களைக் கொன்றழித்ததை எத்தனை பேர் சந்தேகிக்கிறார்கள் என்று அறிவது நோக்கம். கேள்வி ஏறத்தாழ இப்படி: "நாஜிகள் யூதர்களைக் கொன்றழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா?"

ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள். நடந்தது என்று நம்புகிறவர் எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும்? 'நடக்கவில்லை என்பது சாத்தியமில்லை' என்று சொல்ல வேண்டும். எதிர்மறைக்குள் எதிர்மறை. தொலைபேசி ஒலிப்பதும் குழந்தை அழுவதுமான வீட்டில் நின்றுகொண்டு எத்தனை பேர் இதைப் பிரித்துப் புரிந்துகொள்வார்கள்? 22 சதவீதம் பேர் 'சாத்தியம்' என்றார்கள். 1993 ஏப்ரலில், வாஷிங்டனில் இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் திறக்கும் நேரத்தில், இந்த எண் வெளியானது. ஐந்தில் ஒரு அமெரிக்கர் சந்தேகப்படுகிறார் என்று நாடே அதிர்ந்தது. முகாம்களில் உறவுகளைப் பறிகொடுத்த முதியவர்கள் அன்று உயிரோடு இருந்தார்கள். காலையில் பேப்பரைப் பிரித்து அந்த எண்ணைப் பார்த்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

பிறகு அந்த நிறுவனமே கேள்வி கோணலாக இருந்ததை ஒப்புக்கொண்டது. 1994இல் நேரான வாக்கியத்தில் மறுபடி கேட்டது. சந்தேகித்தவர்கள் சுமார் 1 சதவீதம். 22 எங்கே, 1 எங்கே! ஒரு வாக்கியத்தின் இலக்கணம் கோடிக்கணக்கான மறுப்பாளர்களைப் படைத்து, பிறகு மறையவும் வைத்தது.

இனி நம் விஷயம்.

1988 ஜூன் 23. நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, பூமி சூடாவது இயற்கையான ஏற்ற இறக்கம் அல்ல என்று 99 சதவீத உறுதியோடு சொல்லலாம் என்றார். கடும் வெயில், நாட்டில் வறட்சி. மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு, 1989இல், கேலப் நிறுவனம் "இதைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?" என்று கேட்கத் தொடங்கியது. நிறைய அல்லது ஓரளவு கவலை என்றவர்கள் 63 சதவீதம். அன்று இதில் கட்சி பெரிதாகத் தெரியவில்லை.

இதற்கு முன்பே, 1978இல், ரைலி டன்லாப், கென்ட் வான் லியர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இயற்கையை மனிதர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அளக்க 12 வாக்கியம் கொண்ட ஓர் அளவுகோல் வெளியிட்டிருந்தார்கள். இயற்கையின் சமநிலை எளிதில் குலையக்கூடியது, மனிதன் இயற்கையை ஆளப் பிறந்தவன் என்பது போன்ற வாக்கியங்கள். லிக்கர்ட் பாணிதான். 2000இல் அதை 15 வாக்கியமாகத் திருத்தினார்கள். உலகம் முழுக்க அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது பொதுவான மனப்பான்மைக்கு. 'வெப்பமாதலைச் சந்தேகிக்கிறவர்' என்ற ஆளை எண்ண அப்போது தேவையும் வரவில்லை.

தேவை வந்தது அரசியலால். 1997 வாக்கில் கேலப் கேட்டபோது, வெப்பமாதலின் விளைவுகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டன என்று சொன்னவர்கள் இரண்டு கட்சியிலும் ஏறக்குறையப் பாதிப் பாதி. 2008க்குள் ஜனநாயகக் கட்சியினரில் நாலில் மூன்று பேர் அப்படிச் சொன்னார்கள், குடியரசுக் கட்சியினரில் பத்தில் நாலு பேர்தான். பத்து வருடத்தில் இரண்டு ஊராகிவிட்டது.

அது தானாக நடக்கவில்லை. 2002இல் குடியரசுக் கட்சிக்கு யோசனை சொல்லும் பிராங்க் லண்ட்ஸ் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார், அது வெளியே கசிந்தது. விஞ்ஞானிகளிடையே முடிவு ஏற்படவில்லை என்ற எண்ணத்தை மக்களிடம் விடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு யோசனை. 'புவி வெப்பமாதல்' என்பதை விட்டு 'காலநிலை மாற்றம்' என்று சொல்லுங்கள், அது அவ்வளவு பயமுறுத்தாது என்பது இன்னொன்று. கணக்கெடுப்பு நடத்தியே சொல் பொறுக்குகிற தொழில் அவருடையது. மனசை அளக்கும் கருவியை மனசைத் திருப்பவும் பயன்படுத்தலாம் என்று இந்தக் குறிப்பைப் படித்தவர்களுக்குப் புரிந்தது.

அந்தச் சொல் மாற்றம் உண்மையில் வேலை செய்ததா? 2011இல் ஜோனதன் ஷுல்ட்டும் மிச்சிகன் பல்கலைக்கழகக் கூட்டாளிகளும் சோதித்தார்கள். 'புவி வெப்பமாதல் உண்மையா?' என்று கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் 44 சதவீதம் ஆமாம் என்றார்கள். 'காலநிலை மாற்றம் உண்மையா?' என்று கேட்டபோது 60 சதவீதம். ஜனநாயகக் கட்சியினரிடம் எப்படிக் கேட்டாலும் 86, 87தான். ஆக, அந்த ஊரில் சந்தேகம் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை, எந்தச் சொல்லால் கேட்டீர்கள் என்பதில் பாதி இருக்கிறது.

நண்பர் கேட்ட 'ஒரே வருடத்தில் இரண்டு செய்தி' 2010ஆம் வருடத்துக் கதையாக இருக்க வேண்டும். அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த வருடம் விளையாட்டு அல்ல.

2009 ஜூன் 26 அன்று, கரிப்புகைக்கு உச்சவரம்பு வைக்கும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்ற கணக்கில் நூலிழையில் நிறைவேறியது. அடுத்தது செனட். செனட்டர்களின் கண் முழுக்க மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதன் மேல். அக்டோபரில் பியூ ஆய்வு மையம் ஒரு எண் வெளியிட்டது: பூமி சூடாவதற்குத் திடமான ஆதாரம் உண்டு என்பவர்கள் 57 சதவீதம். முந்தைய ஆண்டு ஏப்ரலில் 71 இருந்தது. பதினாலு புள்ளி சரிவு! நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வாளர்களுடைய மின்னஞ்சல்கள் திருடி வெளியிடப்பட்டன, பெரும் கூச்சல் எழுந்தது. சரிவுக்கே அந்த மின்னஞ்சல்கள்தான் காரணம் என்று இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. தேதியைப் பாருங்கள், பியூ எண் ஒரு மாதம் முந்தியது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் 10 சதவீதம். சோற்றுக்கு வழி தேடுகிறவன் மனசில் பனிப்பாறை எங்கே நிற்கும்?

2010 மார்ச்சில் கேலப் வந்தது. செய்திகளில் புவி வெப்பமாதலின் ஆபத்தை மிகைப்படுத்துகிறார்கள் என்றவர்கள் 48 சதவீதம். முந்தைய ஆண்டு 41, 1997இல் 31. 'பாதி அமெரிக்கர் நம்பவில்லை' என்று நண்பர் படித்த செய்தி அநேகமாக இதிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் கேள்வி பத்திரிகையைப் பற்றியது! டிவிக்காரர்கள் புயலையும் மிகைப்படுத்துகிறார்கள் என்று நான் சொல்வேன். அதனால் எனக்குப் புயலில் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமா?

அதே ஜூனில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் குரோஸ்னிக் தன் கணக்கெடுப்போடு நியூயார்க் டைம்ஸில் எழுதினார். கடந்த நூறு ஆண்டுகளில் வெப்பம் கூடியிருக்கலாம் என்பவர்கள் 74 சதவீதம் என்றார். 2007இல் 84 இருந்தது, குறைந்திருக்கிறது, ஆனால் இடிந்து விழவில்லை என்பது அவர் வாதம். பியூ கேள்வி எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? "நீங்கள் படித்ததையும் கேட்டதையும் வைத்துப் பார்த்தால், திடமான ஆதாரம் இருக்கிறதா..." என்று. இது ஆளின் நம்பிக்கையை அளக்கவில்லை, அவர் காதில் விழுந்த செய்தியை அளக்கிறது என்று குரோஸ்னிக் பிடித்தார். 'திடமான' என்ற அடைமொழியும் ஒரு வேலை செய்கிறது என்பது என் எண்ணம். ஆதாரம் உண்டா என்றால் தலையாட்டுகிறவன், திடமான ஆதாரம் உண்டா என்றால் ஒரு நிமிடம் யோசிப்பான்.

ஜூலையில் செனட் தலைவர்கள் மசோதாவைக் கைவிட்டார்கள். கணக்கெடுப்புதான் அதைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். பொருளாதாரம், நிலக்கரி மாநிலங்கள், தேர்தல் எல்லாம் இருந்தன. ஆனால் வாக்களிக்கத் தயங்கிய ஒருவருக்கு, 'மக்கள் நம்பவில்லை' என்று காட்ட ஓர் எண் கையில் இருந்தது. அந்த எண்ணின் பிறப்பு எப்படி என்று எத்தனை பேர் விசாரித்திருப்பார்கள்?

பிரிட்டனிலும் அதே சரிவு. காலநிலை மாறுகிறது என்றவர்கள் 2005இல் 91 சதவீதம், 2010இல் 78. ஆனால் அங்கே ஆய்வாளர்கள் இன்னொரு கேள்விக்குள் போனார்கள். சந்தேகம் என்றால் எதைச் சந்தேகிப்பது? ஜெர்மானிய விஞ்ஞானி ஸ்டீபன் ராம்ஸ்டார்ஃப் 2004இலேயே மூன்றாகப் பிரித்திருந்தார்: சூடாகவே இல்லை என்பவர், சூடாகிறது ஆனால் மனிதன் காரணமில்லை என்பவர், மனிதன்தான் காரணம் ஆனால் அதனால் பெரிய கெடுதல் இல்லை என்பவர். லொரெய்ன் விட்மார்ஷ் 2003இலும் 2008இலும் நடத்திய ஆய்வுகளை வைத்து 2011இல் ஒரு சந்தேக அளவுகோலையே வெளியிட்டார். 2014இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் கேப்ஸ்டிக், நிக் பிட்ஜன் இருவரும் இதை இன்னும் தெளிவாக்கினார்கள். அறிவியலையே சந்தேகிப்பது ஒன்று. 'நான் ஒருத்தன் பல்பை அணைத்து என்ன ஆகப்போகிறது, இந்த அரசாங்கங்கள் எதைச் செய்யப் போகின்றன' என்று தீர்வைச் சந்தேகிப்பது இன்னொன்று. மக்களின் அக்கறையின்மையோடு அதிகம் ஒட்டியிருப்பது இந்த இரண்டாவதுதான் என்று கண்டார்கள். பல்லாண்டு மக்கள் நம்புகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், நோய் பக்கத்து அறையில் இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் அந்தோணி லைசரோவிட்ஸும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மைபாக்கும் 'நம்புகிறவர், நம்பாதவர்' என்ற இரட்டைப் பெட்டியையே உடைத்தார்கள். 2008 இலையுதிர் காலத்தில் 2,164 பேரிடம் கேட்டு, 36 கேள்விகளின் விடைகளை வைத்து, அமெரிக்கா ஒன்றல்ல ஆறு என்றார்கள். பதறுகிறவர்கள் 18 சதவீதம், கவலைப்படுகிறவர்கள் 33, யோசித்து நிற்பவர்கள் 19, ஒட்டாமல் இருப்பவர்கள் 12, சந்தேகிப்பவர்கள் 11, அடியோடு மறுப்பவர்கள் 7. நாடு முழுக்கக் கேட்கும் சத்தம் அந்த ஏழு சதவீதத்துடையது! எல்லா ஊர்ப் பஞ்சாயத்திலும் இதுதானே நடக்கிறது. 36 கேள்வியைப் பிறகு 15 ஆக்கி, 2018இல் நாலே கேள்வியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

ஆசிரியனாகிய எனக்குக் கசந்தது டான் கஹானின் ஆய்வு. 2012இல் வந்தது, 1,540 அமெரிக்கர்களிடம் நடத்தியது. அறிவியல் அறிவையும் கணக்குத் திறனையும் தனியே சோதித்து, காலநிலை பற்றிய கவலையோடு ஒப்பிட்டார்கள். படித்தவனுக்குச் சந்தேகம் குறையும் என்றுதானே நினைப்போம்? குறையவில்லை. அறிவியல் அதிகம் தெரிந்தவர்களிடையேதான் இரு தரப்புக்கும் இடைவெளி மிக அகலமாக இருந்தது. தன் கூட்டத்தார் எதை நம்புகிறார்களோ அதற்கு வாதம் தேடக் கெட்டிக்காரனுக்குக் கூடுதல் திறமை இருக்கிறது, அவ்வளவுதான். பாடம் நடத்தினால் போதும் என்று நாற்பது வருடம் கரும்பலகை முன் நின்ற எங்களைப் போன்றவர்களுக்கு இது லேசான செய்தி அல்ல.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்டீபன் லெவாண்டோவ்ஸ்கி குழுவின் கட்டுரை ஒன்று பெரும் சண்டையைக் கிளப்பியது. காலநிலை அறிவியலை மறுப்பதற்கும் சதிக் கதைகளை நம்புவதற்கும் தொடர்பு உண்டு என்பது அதன் முடிவு. நிலவில் மனிதன் இறங்கியது நாடகம் என்பதைத் தலைப்பிலேயே வைத்தார்கள். இணையம் வழியாக விடையளித்த 1,145 பேரில் அந்த நிலவுக் கதையை ஒப்புக்கொண்டவர்கள் பத்துப் பேர் அளவே என்று எதிர்ப்பாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். விடையளித்தவர்களில் பெரும்பாலோர் காலநிலை அறிவியலை ஏற்கிறவர்கள் கூடும் பக்கங்கள் வழியாக வந்தவர்கள் என்பதும் குறையாகச் சொல்லப்பட்டது. பிறகு 1,001 அமெரிக்கர்களிடம் நடத்திய அடுத்த ஆய்விலும் தொடர்பு தெரிந்தது, ஆனால் காலநிலையில் வலு குறைவு, தடுப்பூசி மறுப்பில் கூடுதல். அந்தச் சண்டையையே ஆராய்ந்து எழுதிய இன்னொரு கட்டுரையை 2014இல் இதழ் சட்டச் சிக்கல் காரணமாகத் திரும்பப் பெற்றது. என் கருத்தைக் கேட்டால், தொடர்பு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் யாரை அளக்கிறோமோ அவரைத் தலைப்பிலேயே கிண்டல் செய்துவிட்டு, அவர் நம் படிவத்தை நிரப்புவார் என்று எதிர்பார்க்க முடியாது. ரோல் நம்பர் கூப்பிடும்போதே மாணவனைத் திட்டினால் அவன் மறுநாள் வகுப்புக்கு வருவானா?

சில சமயம் கேள்வியும் சரி, ஆளும் சரி, வெயில் சதி செய்துவிடும். 2011இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் கண்டது: இன்று வழக்கத்தைவிடச் சூடு என்று நினைக்கிறவர்கள் புவி வெப்பமாதலைக் கூடுதலாக நம்புகிறார்கள், அதற்காகக் கூடுதல் நன்கொடையும் தருகிறார்கள். குளிர்ந்த காற்று அடித்தால் நம்பிக்கையும் குளிர்கிறது.

அந்தச் சீனத் தம்பதியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 2018இல் மிச்சிகனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. லிக்கர்ட் பின்னாளில் சமூக ஆய்வு நிறுவனம் கட்டியெழுப்பியதும் அதே பல்கலைக்கழகத்தில்தான். சுமார் 600 அமெரிக்கர்களை ஓராண்டு தொடர்ந்து கேட்டார்கள். மிகவும் கவலைப்படும் கூட்டம் அரசுத் திட்டங்களை அதிகம் ஆதரித்தது. ஆனால் பஸ்ஸில் போவது, கடைக்குப் பையை எடுத்துப் போவது, மறுசுழற்சி போன்ற சொந்த வேலைகளை அதிகம் செய்வதாகச் சொன்னவர்கள் சந்தேகப் பேர்வழிகள்! லாபியரின் விடுதிக்காரர்கள் எண்பது வருடம் கழித்தும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். (அதுவும் அவர்கள் படிவத்தில் சொன்னதுதான், யாரும் பின்னால் போய்ப் பையை எண்ணவில்லை.)

நம் நாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். கேலப் 2007, 2008இல் 119 நாடுகளில் எடுத்த கணக்கை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை, இந்தியாவில் 65 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் காலநிலை மாற்றம் என்ற பேச்சையே கேட்டதில்லை என்றது. சந்தேகப்படக்கூட முதலில் காதில் விழ வேண்டும் அல்லவா? 2011 இறுதியில் யேல் குழு ஜகதீஷ் தாக்கரோடு சேர்ந்து இந்தியாவில் 4,031 பேரிடம் கேட்டது. நிறையத் தெரியும் என்றவர்கள் 7 சதவீதம். கேள்விப்பட்டதே இல்லை, அல்லது தெரியாது என்றவர்கள் 41 சதவீதம். பிறகு அவர்களுக்கு இரண்டொரு வாக்கியத்தில் விளக்கம் படித்துக் காட்டி, இப்படி நடக்கிறதா என்று கேட்டார்கள். 72 சதவீதம் பேர் நடக்கிறது என்றார்கள்.

இந்த 72ஐப் பார்க்கும்போது எனக்குள் ஒரு வாத்தியார் எழுந்து "புரிஞ்சுதா?" கதையை ஞாபகப்படுத்துகிறார். விளக்கம் சொல்லிவிட்டுக் கேட்டால் தலையாட்டுவது நம் வழக்கம். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஆடிப் பட்டம் தவறுவதையும், கிணறு கீழே போவதையும், ஐப்பசி மழை கார்த்திகைக்குத் தள்ளுவதையும் பேசாத விவசாயி உண்டா? அவருக்கு அந்தச் சொல்தான் தெரியாது. 'காலநிலை', 'பருவநிலை', 'தட்பவெப்பநிலை' என்று பாடப் புத்தகத்திலும் பேப்பரிலும் நாமே மாற்றி மாற்றி எழுதுகிறோம். படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் உங்கள் ஊர்த் திண்ணைக்கு வந்தால், எந்தச் சொல்லால் கேட்டால் உங்கள் அப்பாவுக்கோ பாட்டிக்கோ சட்டென்று புரியும்? கீழே எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு.